மரபணு டெஸ்டுக்காக வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. மேலூரில் பூ கட்டி விற்கிறார். சரவாங்கி, அதாவது முடக்குவாதம் என்று சொல்லி, 5 வாரமாக மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். இன்னும் காலையில் விரல் மடங்கவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று மரபணு டெஸ்டில் தெரிந்துவிடும், 18,000 ரூபாய் ஆகும் என்று லேப்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். வளையலை அடகு வைத்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். மெத்தோட்ரெக்ஸேட் ஒருவருக்குக் கேட்குமா, கேட்காதா என்று நம்பி முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லும் மரபணு டெஸ்ட் இன்றைக்கு இல்லை.

அந்த ரிப்போர்ட்டில் பெரும்பாலும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணு இருக்கும். உடம்பு ஃபோலிக் ஆசிடைப் பயன்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதும் அதே பாதையில்தான். அதனால் பல வருடம் தேடிப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் தெரிந்த தொடர்பு அடுத்த ஆய்வில் காணாமல் போனது. நோய் எதிர்ப்பு சக்தியோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. என்ற மரபணு வகையையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அது நோய் வரும் வாய்ப்பையும் கடுமையையும் ஓரளவு காட்டும். மாத்திரையைத் தேர்ந்தெடுக்க உதவாது. நோயின் கடுமையை ஊகிக்க ஆன்டி சி.சி.பி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். அநேகமாக அது ஃபைலிலேயே இருக்கும், பாருங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் முழுதாக வேலை காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். 5 வாரத்தில் தீர்ப்பு சொல்ல முடியாது. முதல் நாளே யாராவது உங்களை உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்காத ஓ.பி.களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்கள் நுழைகிறார்கள்.

டாக்டர் எழுதாத டெஸ்டுக்கு வீடு தேடி வருபவருக்கு அம்மாவின் நோய் எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லித்தான். சொன்னவருக்கும் கமிஷன் போகும். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டம் போட்டுத் தருவார்கள். சிவப்பைப் பார்த்துப் பயந்து, நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்து விரல் கோணிப்போய் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். கோணிய விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. அந்த லேப்காரர் மறுபடி வந்தால் ஒன்று கேளுங்கள்: "இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எங்கள் டாக்டர் எந்த மாத்திரையை மாற்றுவார்?" ஒரே வாரத்தில் வலி போகும் என்று பொடி விற்பவரையும் இதே போலத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

மரபணு டெஸ்ட் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று இருக்கிறது. அசதயோப்ரின் என்ற மாத்திரையை முடக்குவாதத்துக்கு இப்போது அபூர்வமாகத்தான் கொடுக்கிறோம். சிலருக்கு அது சில வாரங்களில் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், தலைமுடி கொத்தாகக் கொட்டும். டி.பி.எம்.டி., நுட்-15 என்ற இரண்டு மரபணுக்களைப் பார்த்தால் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஆசிய மக்களிடம் நுட்-15 மாற்றம்தான் அதிகம். ஐரோப்பியர்களை வைத்து முதலில் புரிந்துகொண்ட டி.பி.எம்.டி.யை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று கொடுக்கும் ரிப்போர்ட் நமக்குப் போதாது. நுட்-15 அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இதுவும் ஆபத்து உண்டா என்றுதான் சொல்லும். மருந்து கேட்குமா என்று சொல்லாது. உங்கள் அம்மா இந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை. அதனால் அவருக்கு இதுவும் தேவையில்லை.

அம்மா மாத்திரையை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிடுகிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தினமும் சாப்பிட்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சீட்டில் கிழமையை எழுதாத டாக்டரிடம் திரும்பப் போய் எழுதி வாங்குங்கள். ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்கிறதா, ரத்த அணு, கல்லீரல் பரிசோதனைக்குத் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். வலி தாங்க முடியவில்லை என்றால், மருந்து பிடிக்கும்வரை குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

12-வது வாரமும் பெரிதாகக் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டலாம், இதே மருந்தை ஊசியாக மாற்றலாம், இன்னொரு மாத்திரையும் சேர்க்கலாம். அதுவரை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் விரல் மடங்குகிறது, ஒரு முழம் பூ கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது. போகும்போது அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.