கோப்ராவா, கேட்டர்ஹாமா, பக்கத்து வீட்டு மாஸ்டாவா?

கேள்வி: இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். கணினித் துறையில் வேலை. ஊரில் இருந்தபோது பைக் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் உண்டு, வெல்டிங் தெரியாது. வீட்டிலேயே ஒரு கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார், கட்ட ஆசை. கையில் 12,000 பவுண்ட் இருக்கிறது. ஒரு கார் நிற்கும் கராஜ், அதற்கு முன்னால் சொந்த டிரைவ்வேயில் இன்னொரு கார் நிற்க இடம். எனக்குப் பிடித்தது கோப்ரா. மைத்துனர் 'கட்டினால் கேட்டர்ஹாம்தான்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, துருப்பிடித்து எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தோற்ற தன் 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை 500 பவுண்டுக்குத் தருகிறேன் என்கிறார். எட்டு வயது மகளும் கூட நின்று வேலை செய்வேன் என்கிறாள். எதைக் கட்டலாம்?

பதில்: முதலில் கோப்ராவை முடித்துவிடுவோம். 1962-இல் கரோல் ஷெல்பி, ஏசி நிறுவனத்தின் சிறிய காருக்குள் ஃபோர்ட் வி8 என்ஜினை இறக்கியதிலிருந்து அந்த வளைவுகளுக்கு மயங்காதவர்கள் குறைவு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் நகலைக் கட்ட ஒரு வி8, அதன் முறுக்கைத் தாங்கும் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், பெரிய ஃபைபர்கிளாஸ் பாடி, அந்தப் பாடிக்குப் பழுதில்லாத பெயின்ட் எல்லாம் வேண்டும். பெயின்ட் மட்டுமே ஆயிரக்கணக்கில் கேட்கும். உங்கள் பணத்தில் பாதிக் கோப்ரா கட்டலாம். பாதிக் கோப்ராக்கள் ஏற்கெனவே பல கராஜ்களில் போர்வைக்கடியில் கிடக்கின்றன.

மைத்துனர் சொல்வதில் ஞாயம் உண்டு. லோட்டஸ் 1957-இல் கொண்டுவந்த செவன் காரின் உரிமையை 1973-இல் வாங்கியது கேட்டர்ஹாம். கிட் பெட்டிகளில் எல்லாம் புதிதாக வரும். என்ஜின் தயாராக இருக்கும், ஒவ்வொரு போல்ட்டும் பொருந்தும். கார் கட்டுவதிலேயே இதுதான் மிகச் சுலபமான வழி. விற்றாலும் விலை போகும். ஆனால் புதிய கிட் ஒன்றுக்கு இன்று உங்கள் கையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். மைத்துனர் மீதிப் பணத்தைப் போடுவதாக இருந்தால் உடனே சரி சொல்லுங்கள்.

ஆக, மிஞ்சுவது மாஸ்டா. அதுவே சரியான விடையும் என்று நினைக்கிறேன்.

எம்எக்ஸ்-5 துருப்பிடிப்பது பெரும்பாலும் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியிலும், 2001 மாடலில் முன்பக்கச் சேஸிஸ் ரெயில்களிலும். இரண்டும் நீங்கள் தூக்கி எறியப்போகும் பாடியின் பகுதிகள். துருவால் தோற்ற கார் மற்றவர்களுக்குக் குப்பை, உங்களுக்கு லாபம். நீங்கள் பார்க்கவேண்டியவை என்ஜின், கியர்பாக்ஸ், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷனைத் தாங்கும் முன் பின் சப்ஃபிரேம்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கும். அதற்கு மட்டும் பொறுமையையும் துரு நீக்கும் எண்ணெயையும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதே எம்எக்ஸ்-5-ஐ வைத்து இரண்டு விதமாகக் கட்டலாம். ஜிபிஎஸ் (GBS) நிறுவனத்தின் ஜீரோ போன்ற செவன் வகைக் கார் ஒன்று. எக்ஸோசெட் போல வெளியே தெரியும் குழாய்ச் சட்டத்தாலான கார் இன்னொன்று. செவன் வகையில் பழைய காரின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதிய சேஸிஸில் வேறு இடத்தில் பூட்டவேண்டும். எக்ஸோசெட்டில் வேலை வேறு மாதிரி. எம்எக்ஸ்-5-இல் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதனால் பாடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால், என்ஜினிலிருந்து பின் சக்கரம்வரை எல்லாம் தரையில் அப்படியே நிற்கும். அதன்மேல் புதிய சட்டத்தை இறக்கிப் பூட்டுவார்கள். வயரிங்கும் பழையதே, வெல்டிங் தேவையில்லை. முதல்முறை கட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கதவும் கூரையும் கிடையாது என்பதை மட்டும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்து மழையில் நனையச் சம்மதமில்லை என்றால் ஜீரோ பக்கம் போங்கள். மேல் துணியும் பக்கத் திரையும் போடலாம், வேலை மட்டும் கூடும்.

கராஜ் கணக்கில் பலரும் ஒன்றை மறப்பார்கள். சில வாரங்களுக்கு உங்களிடம் ஒரு கார் மட்டும் இருக்காது, ஒன்றரைக் கார் இருக்கும். கழற்றிய பாடி டிரைவ்வேயில் நிற்கும். சாலையில் ஓடாத கார் என்று வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் 'சோர்ன்' அறிவிப்புக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். பிறகு இருக்கை, கதவு, துணிக் கூரை எல்லாவற்றையும் விற்கலாம், எம்எக்ஸ்-5 பாகங்களுக்குக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கொடுத்த 500-இல் பெரும்பகுதி அதிலேயே திரும்பக்கூடும்.

கட்டிய காரைப் பதிவு செய்யும்முன் ஐவிஏ எனப்படும் தனி வாகனச் சோதனையில் தேறவேண்டும். பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக 2009-இல் வந்தது இது. பிரேக், விளக்கு, சத்தம், புகை தவிர, கை படும் இடத்தில் கூர்முனை இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அதனால்தான் இந்தக் கார்களில் நட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி. எடை குறைந்த முன்பக்கம் உள்ள கார்களில் இன்னொரு தொல்லை உண்டு: வளைவில் திருப்பிய ஸ்டீரிங் விட்டதும் தானாக நடுவுக்கு வரவேண்டும், வராவிட்டால் தோல்வி. சோதனைக்குமுன் சக்கரங்களின் அலைன்மென்ட் பார்க்கும் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

நம்பர் பிளேட்டுக்கும் இப்போதே வழி செய்யவேண்டும். கிட் தயாரிப்பாளரின் புதிய சேஸிஸோடு, ஒரே பழைய காரிலிருந்து இரண்டு முக்கியப் பாகங்களாவது மாற்றமின்றி வந்திருந்தால், பழைய காரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். வயதை நிரூபிக்க முடியாத பாகங்களோடு போனால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண்தான். விற்கும்போது அந்த எழுத்து விலையைக் குறைக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள், நீங்களே கட்டியதற்கு அதுதான் சாட்சி. படமெடுக்கும் பொறுப்பை மகளிடமே கொடுக்கலாம்.

மகளைப் பற்றி இன்னொன்று. 12 வயதோ 135 செ.மீ. உயரமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். உயர்த்தும் பூஸ்டர் இருக்கைக்கு மூன்று முனை பெல்ட் வேண்டும். கிட் ஆர்டர் செய்யும்போது இரு தோள்களிலும் இறங்கும் பந்தயக் கார் பாணி ஹார்னஸ் பெல்ட் பார்க்க அழகாக இருக்கும். பயணி இருக்கைக்கு அதை வாங்காதீர்கள். இரண்டு இருக்கைதான் என்பதால் மூவரும் சேர்ந்து போக வழியில்லை, அதற்கு வீட்டில் இருக்கும் காரே போதும்.

கிட் நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். இந்தத் தொழிலில் நிறுவனங்கள் கைமாறுவது வழக்கம். பெயர்பெற்ற வெஸ்ட்ஃபீல்டே 2022-இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. முதலில் ஒரு கிட் கார் கண்காட்சிக்குப் போய், உங்கள் பட்டியலில் உள்ள காரில் உட்கார்ந்து பாருங்கள். செவன் வகைகளில் பெடல்கள் நெருக்கமாக இருக்கும். அகலமான ஷூ போட்டுப் போனால் உங்களுக்கே தெரியும். கட்டி முடித்தவர்களிடம் பேசுங்கள். எத்தனை மாதம் ஆனது என்று கேட்டால் வாய் திறக்கத் தயங்குவார்கள், எதில் மாட்டிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள், கொட்டித் தீர்ப்பார்கள்.

மாஸ்டாவை இந்த வாரமே போய்ப் பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், புகையைக் கவனியுங்கள், சேஸிஸ் எண் வி5சி எனப்படும் பதிவு ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிய வி5சி உங்கள் பெயரில் தபாலில் வரும்வரை ஒரு நட்டையும் கழற்றவேண்டாம். எம்ஓடி தோற்ற கார்தானே, 400-க்குக் கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை.