பதில்: நைட்ரோ டிரக்கை பேட்டரிக்கு மாத்தினேன், மோட்டார் சுடுது

திருமங்கலத்துத் தம்பிக்கு, எஞ்சின் போன 1/8 நைட்ரோ டிரக்கில் (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவு, நைட்ரோ எரிபொருள்ல ஓடுற ரிமோட் வண்டி) 3650 அளவு (36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம்), 3900 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 3900 சுற்று) மோட்டாரை 3 செல் லிப்போவோட (11.1 வோல்ட் லித்தியம் பேட்டரி) மாட்டி, வைகை மணல்ல அஞ்சே நிமிஷத்தில் கை வைக்க முடியாம சுடுதுன்னு கேட்டிருக்கீங்க. சித்திரை வெயில் மேல பழியைப் போடாதீங்க.

3900 கேவியை 11.1 வோல்ட்டால பெருக்குங்க: நிமிஷத்துக்கு 43,000 சுற்றுக்கு மேல. அந்த வண்டியோட பல்சக்கரக் கணக்கு 30,000 சுற்றை ஒட்டினது. போதாததுக்கு, அந்தச் சின்ன மோட்டார் 1/10 வண்டிக்கானது. உங்க நாலு கிலோவை மணல்ல இழுக்கத் திணறுது. பழசா 4274 அளவு, 2200 கேவி கிடைச்சா வாங்குங்க. உங்க 60 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவி) அதுக்குத் தாங்காது, 150 ஆம்ப் போடுங்க. இதுல மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீங்க.

மோட்டார் தாங்கியைக் காசு குடுத்து வாங்க வேண்டாம். அலுமினிய ஜன்னல் பட்டறையில் எல் ஆங்கிள் துண்டு கேளுங்க. போல்ட் துளையை நீளவாக்கில் அராவினா பினியனை (மோட்டார் தண்டுல இருக்குற சின்னப் பல்சக்கரம்) நகர்த்திக்கலாம். பினியனுக்கும் ஸ்பருக்கும் (அது சுத்துற பெரிய பல்சக்கரம்) நடுவே நோட்டுத்தாள் ஒண்ணு வச்சு இறுக்கிட்டு, தாளை உருவிடுங்க. நான் இதைச் செய்யாம விட்டு, என் முதல் ஸ்பர் அரை மணி நேரத்தில் மொட்டையாச்சு.

செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காம ஈஎஸ்சியில கட்ஆஃப் வைங்க. வெயில்ல நிறுத்தின பைக் பெட்டிக்குள்ள லிப்போவை வைக்கவே வைக்காதீங்க.