முள் அசையாமல் நிற்கிறதா, அதை முதலில் பாருங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக இங்கே கனடாவில் போ (Bow) நதியில் ஃப்ளை ஃபிஷிங் செய்கிறேன். கடையில் செயற்கை ஈ வாங்கியே காசு கரைகிறது, இனி நானே கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வைஸ் வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. 40 டாலருக்கும் இருக்கிறது, 700 டாலருக்கும் இருக்கிறது. ரோட்டரிதான் வேண்டும் என்கிறார் ஒரு நண்பர், அதெல்லாம் வீண் என்கிறார் இன்னொருவர். வாடகை வீடு, சாப்பாட்டு மேசையில்தான் உட்கார முடியும். எதை வாங்கலாம்? – வாசகர், கால்கரி

பதில்: முதலில் மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிரவுட் மீன் தின்னும் பூச்சியைப் போலவே தெரியும்படி தூண்டில் முள்ளில் நூலும் இறகும் முடியும் சுற்றிக் கட்டுவதுதான் ஈ கட்டுவது. அந்த முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும் சிறிய இடுக்கிதான் வைஸ். பட்டறையில் இருக்கும் பெஞ்ச் வைஸுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைஸில் பார்க்க வேண்டியது முதலில் தாடை, இரண்டாவதும் தாடை. சுழல்கிறதா, பளபளவென்று இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நான் முதலில் வாங்கியது மலிவான ஒன்று. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் இரவு 18ஆம் நம்பர் முள்ளில் ஈ கட்டி முடித்து, தலை முடிச்சுப் போட நூலை இழுத்தேன், முள் மெல்லத் தலை குனிந்தது. நூல் தளர்ந்தது, சுற்றியிருந்த இறகு பிரிந்து மேசையில் விழுந்தது. திருகை இன்னும் இறுக்கினேன், மறுபடியும் குனிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தாடையின் உள்பக்கத்தில் முள்ளின் கம்பி பதிந்து ஒரு சின்னப் பள்ளம். இரும்பு அவ்வளவு மிருது. பதப்படுத்திக் கடினமாக்கிய எஃகுத் தாடையில் அப்படிப் பள்ளம் விழாது, நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக அதற்குத்தான்.

அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் முட்களைக் கையோடு கொண்டு போங்கள். போ நதிக்கு நீங்கள் சின்ன மீனைப் போலத் தெரியும் பெரிய ஸ்ட்ரீமரும் கட்டுவீர்கள், பொடி ஈயும் கட்டுவீர்கள், ஆகவே 4ஆம் நம்பரில் ஒன்று, 18இல் ஒன்று, முடிந்தால் 20இல் ஒன்று. (புதிதாக வருபவர்களுக்கு: நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும்.) முள்ளின் வளைவைத் தாடையில் வைத்து, தண்டு மேசைக்கு இணையாக இருக்கும்படி பூட்டி, காதுப் பக்கம் விரலால் கீழே அழுத்துங்கள். முள்ளின் கம்பி வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும், தாடைக்குள் அது நகரவே கூடாது. அப்புறம் தம்புரா தந்தியைச் சுண்டுவது போல ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். பிடிப்பு சரியாக இருந்தால் ‘டிங்’ என்று சுத்தமாக ஒலிக்கும், தளர்வாக இருந்தால் மொக்கையாகக் கேட்கும். இதைச் செய்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

தாடையை இறுக்கும் முறையில் மூன்று வகையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பழைய வகையில் பின்னாலிருக்கும் நெம்பைத் தள்ளினால் தாடை ஒரு குழாய்க்குள் இழுபட்டு மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் தாம்சன் மாடல் ஏ இந்த வகை, இந்தியாவில் தயாராகி உலகெங்கும் போகும் மலிவு வைஸ்கள் பலவும் இதையே பார்த்துச் செய்தவை. நல்ல எஃகில் செய்தால் குறை சொல்ல முடியாத முறை. இரண்டாவது, முள்ளின் தடிமனுக்கு ஏற்பத் திருகைச் சரிசெய்துகொண்டு பிறகு நெம்பால் பூட்டுவது. ரென்செட்டி, பீக், டைனா-கிங் கம்பெனிகளின் வைஸ்கள் எல்லாம் இந்தப் பக்கம். மூன்றாவது ரீகல் கம்பெனியின் முறை: பிடியை அமுக்கினால் தாடை திறக்கும், விட்டால் ஸ்பிரிங்கே கடித்துக்கொள்ளும். முள் அளவு மாறும்போதெல்லாம் திருகைத் தொட வேண்டியதே இல்லை, கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி ரோட்டரி. இரு நண்பர்களும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினார்களா என்று கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் அந்தப் பெயரில் இரண்டு விதமான வைஸ்கள் விற்கிறார்கள். ஒன்றில் தலை சும்மா திரும்பும், ஈயின் மறுபக்கத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். உண்மையான ரோட்டரியில் முள்ளின் தண்டு சுழற்சியின் அச்சிலேயே நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் முள் இருந்த இடத்திலேயே சுழலும், நீங்கள் செப்புக் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், அது ஈயின் உடம்பு முழுக்க ஒரே இடைவெளியில் தானாக ஏறும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. ஸ்ட்ரீமர் கட்டும் உங்களுக்கு நிச்சயம் உதவும், ஆனால் ரோட்டரி என்ற ஒரே காரணத்துக்காகத் தாடை மோசமான வைஸை வாங்க வேண்டாம். 50 டாலர் ரோட்டரிக்கும் அதே விலையில் சுழலாத, ஆனால் தாடை உறுதியான வைஸுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் எடுப்பேன். இடது கைக்காரராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சில கம்பெனிகள் இடது கைக்கென்றே தனியாகச் செய்கின்றன.

அடிப்பாகம்: மேசை விளிம்பில் கவ்வும் கிளாம்ப் ஒன்று, கனமான பீடம் இன்னொன்று. கிளாம்ப் அசையாது, உயரத்தையும் ஏற்றி இறக்கலாம், மான் முடியை இறுக்கி இழுத்துக் கட்டுபவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் சாப்பாட்டு மேசைகள் பலவற்றில் விளிம்புக்குக் கீழே ஒரு சட்டம் ஓடும், கிளாம்ப் உட்காராது, உட்கார்ந்தாலும் வாடகை வீட்டுக்காரரின் மேசையில் தழும்பு விழும். உங்களுக்குப் பீடம். கையில் தூக்கிப் பார்த்தால் ‘அட, கனம்’ என்று தோன்ற வேண்டும்.

பட்ஜெட்: 200 முதல் 300 அமெரிக்க டாலருக்குள் ரென்செட்டி டிராவலர், பீக் ரோட்டரி, ரீகலின் எளிய மாடல் என்று நல்லவை கிடைக்கும். என்னைக் கேட்டால் உங்களுக்கு முதல் இரண்டில் ஒன்று. அவ்வளவு இப்போது முடியாது என்றால் பழையது வாங்குங்கள், தாடை நுனி சிதையாமல் இருந்தால் போதும். வாங்கிய பிறகு ஒரு விஷயத்தில் கவனம்: முள்ளின் எதிர்முள்ளை (நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பொடி முள்) நசுக்க வைஸின் தாடையைப் பயன்படுத்தாதீர்கள். தாடை நுனி தெறித்துவிடும். அதற்கு ஒரு சின்னக் குறடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைஸே இல்லாமல் கட்ட முடியாதா? – வாசகி, குன்னூர்

பதில்: முடியும். அமெரிக்காவின் பேர்பெற்ற ஃப்ளை ஃபிஷிங் வல்லுநர் லீ வுல்ஃப் விரல்களுக்கு நடுவே முள்ளைப் பிடித்தே கட்டியவர். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் நூலின் இழுவிசை பிடிபடும். தற்காலிகமாகப் பட்டறைச் சின்ன வைஸில் 8 அல்லது 10ஆம் நம்பர் முள்ளை வைத்துப் பழகலாம். அதைவிடச் சிறிய முள்ளுக்கு அது சரிவராது, அகலமான தாடை விரலுக்கு இடமே கொடுக்காது.

கேள்வி: அம்மா மதுரையிலிருந்து வருகிறார். நிறைய ஈக்களுக்கு மயிலிறகு வேண்டியிருக்கிறதே, தோட்டத்தில் உதிர்ந்ததைக் கொண்டுவரச் சொல்லலாமா? – வாசகர், எட்மன்டன்

பதில்: வேண்டாம். உதிர்ந்த இறகாகவே இருந்தாலும் இந்தியாவிலிருந்து மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் அம்மா சிக்கிக்கொள்ளக் கூடாது. காட்டுக்கோழிக் கழுத்து இறகைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன், சால்மன் மீனுக்கு ஈ கட்டுபவர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி அது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. இங்கே கடைகளில் விற்பது பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகு. மயிலிறகுத் தோகையும் அங்கேயே சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், ஒரு பொட்டலம் ஒரு சீசனுக்கு வரும்.