48 சென்ட்டுக்கு ஒரு வெற்றி வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். ஒரு முன்கணிப்புச் சந்தையில் (நிகழ்வுகளின் முடிவைப் பணம் கட்டி ஊகிக்கும் இணையத் தளம்), நான் ஆதரிக்கும் கால்பந்து அணி இந்த வாரம் வெல்லும் என்ற ஒப்பந்தம் 48 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. வென்றால் 1 டாலர். டிராவுக்கு 28 சென்ட், எதிரணி வெற்றிக்கு 27. வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் 5,000 டாலரை இதில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் இரட்டிப்பாகுமே? கோவையில் இருக்கும் தம்பியும் சேர விரும்புகிறான்.

பதில்: இரட்டிப்பாகலாம். 5,000 டாலரும் போய்விடலாம். இரண்டில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை அந்த 48 சென்ட்டே சொல்லிவிடுகிறது. இதே நிலையில் நூறு ஆட்டங்கள் நடந்தால் உங்கள் அணி ஏறத்தாழ 48-ல் வெல்லும் என்பது சந்தையின் கணக்கு. அந்த விலையைத் தளத்தை நடத்தும் நிறுவனம் உட்கார்ந்து நிர்ணயிக்கவில்லை. நீங்கள் 48 கொடுக்கும்போது, 'வெல்லாது' என்று 52 சென்ட் கட்ட எதிரே ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் ரசிகர் அல்ல. காயம்பட்ட வீரர்களின் பட்டியலையும் கணினி மாதிரியையும் வைத்துக்கொண்டு அதையே தொழிலாகச் செய்பவர்.

நீங்கள் எழுதிய மூன்று விலைகளையும் கூட்டிப் பாருங்கள்: 103. மூன்றையும் வாங்கினால் 1.03 டாலர் செலவு, திரும்பி வருவது 1 டாலர். அந்த 3 சென்ட் கூடுதலை விலக்க 48-ஐ 103-ஆல் வகுத்துப் பார்த்தால் உங்கள் அணியின் வாய்ப்பு சுமார் 46.6 சதவீதம்தான். கட்டணம் தனி. ஆக, சந்தையைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருந்தால் மட்டுமே லாபம். அணி மீதுள்ள பாசம் அந்தக் கணக்கில் சேராது.

ஒருநாள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு டிரா கண்ணில் படுவதே இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஏறக்குறைய நான்கு ஆட்டங்களுக்கு ஒன்று டிராவில் முடிகிறது. கோல் விழாமல் நேரம் ஓட ஓட, டிராவின் விலை ஏறும், உங்கள் 48 தேயும். ஒரு கோல் விழுந்தால் விலை ஒரேயடியாகத் தாவும். தொலைக்காட்சியில் அதை நீங்கள் பார்ப்பதற்குள் வேகமான தரவு வைத்திருப்பவர் வாங்கி முடித்திருப்பார்.

இன்னொன்று, ஒப்பந்தத்தின் விதி. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? 79-வது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. பிரான்சின் எம்பாப்பே 80, 81-வது நிமிடங்களில் அடுத்தடுத்து அடித்தார். வழக்கமான நேரம் 2-2, கூடுதல் நேரம் 3-3, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. 'கோப்பை யாருக்கு' என்ற ஒப்பந்தத்தில் அர்ஜென்டினாவை வாங்கியவருக்கு முழு டாலர். '90 நிமிட முடிவு' என்பதில் அதே அர்ஜென்டினாவை வாங்கியவருக்குப் பூஜ்யம். மெஸ்ஸி கோப்பையை முத்தமிட்டும் பைசா கிடையாது. எனவே பட்டனை அழுத்துமுன் அந்தச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்.

வீட்டுக்கான பணத்தைத் தொடாதீர்கள். ஆசை அடங்கவில்லை என்றால் 50 டாலர் போடுங்கள். மைதான டிக்கெட் வாங்கியதாக நினைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

தம்பியை இதில் இழுக்கவே வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியா 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இத்தகைய 'கருத்து வர்த்தக'த் தளங்கள் தன் கண்காணிப்பில் இல்லை, முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது என்று அதே ஆண்டு ஏப்ரலிலேயே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எச்சரித்தது.