செலவுக்குப் பணம் தருகிறவரா, பிள்ளைகள் தங்கும் வீட்டுக்காரரா: வரிக்கணக்கில் யார் காட்டலாம்?

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2025 மார்ச் தொடக்கத்திலிருந்து கணவரும் நானும் தனித்தனி வீட்டில் இருக்கிறோம். விவாகரத்து இன்னும் ஆகவில்லை. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. வெள்ளி, சனி இரவுகள் அவரோடு, மற்ற நாட்கள் என்னோடு. மாதம் 1,800 டாலர் அனுப்புகிறார். "செலவுக்குக் கொடுப்பது நான்தானே" என்று சொல்லி, 2025 டாக்ஸ் ரிட்டர்னில் இரண்டு பிள்ளைகளையும் முந்திக்கொண்டு காட்டிவிட்டார். நான் ஃபைல் செய்தால், பிள்ளைகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று திரும்பி வருகிறது. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். முந்தி ஃபைல் செய்தவருக்கே பிள்ளைகள் என்று எந்த விதியும் இல்லை. பணம் யார் அனுப்புகிறார் என்பதும் இங்கே கணக்கில்லை. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை எந்த வீட்டில் அதிக இரவுகள் தூங்கியது?

ஒரு காலண்டரை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். மார்ச் முதல் டிசம்பர் வரை 306 இரவுகள். வாரத்துக்கு ஐந்து என்றால் உங்களுக்குச் சுமார் 218, அவருக்கு 88. கோடையில் பிள்ளைகளை ஊருக்கு, தாத்தா பாட்டியிடம் அனுப்பியிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த இரவுகளில் வழக்கப்படி யார் வீட்டில் இருந்திருப்பார்களோ, அவர் பக்கம் சேரும். இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தால்தான் வருமானம் அதிகமுள்ளவருக்குப் போகும். உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சே இல்லை.

இதில் இருக்கும் தொகை சின்னதல்ல. 17 வயது நிரம்பாத ஒரு பிள்ளைக்கு 2025-க்கான சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியில் கழியும் சலுகை) 2,200 டாலர் வரை, இருவருக்கும் 4,400. அப்புறம், ஆண்டின் கடைசி ஆறு மாதமும் அவர் உங்கள் வீட்டில் இல்லை. வாடகை, கரண்ட், மளிகை என்று வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உங்கள் கைப்பணம் என்றால், விவாகரத்து ஆகாமலே 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்', அதாவது குடும்பத்தை நடத்தும் தலைவர் என்று ஃபைல் செய்யலாம். கணவன் மனைவி தனித்தனியாக ஃபைல் செய்தால், வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 டாலர், இதில் 23,625. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அவர் அனுப்பும் பணத்தில் வாடகை கட்டுகிறீர்களா என்பதை மட்டும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, திரும்பி வந்த ரிட்டர்னை என்ன செய்வது? ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் பெயரில் 'ஐபி பின்' என்ற, ஃபைல் செய்வது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தும் ஆறு இலக்க எண்ணை வாங்கி, அதைச் சேர்த்து மறுபடி ஆன்லைனிலேயே அனுப்புங்கள். 2025-இல் தொடங்கிய வசதி இது. முன்பெல்லாம் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அதன் பிறகு இருவருக்கும் ஐஆர்எஸ் கடிதம் வரலாம். பயப்படாதீர்கள். தவறாகக் காட்டியவர் ரிட்டர்னைத் திருத்த வேண்டும் என்பதே அதன் பொருள். அவர் திருத்தாவிட்டால் ஆதாரம் கேட்பார்கள். பிள்ளைகளின் பெயரும் உங்கள் வீட்டு முகவரியும் உள்ள பள்ளிக் கடிதம், டாக்டரிடம் உள்ள பதிவு, இவற்றை இந்த வாரமே வாங்கி வையுங்கள்.

சமாதானத்துக்காக ஒரு பிள்ளையை அவருக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் அதற்கும் வழி உண்டு. படிவம் 8332-இல் நீங்கள் கையெழுத்திட்டால் அந்தப் பிள்ளைக்கான கிரெடிட் அவருக்குப் போகும். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் தகுதி உங்களிடமே இருக்கும். ஆனால் 2025-க்கு மட்டும் கையெழுத்திடுங்கள். வரும் ஆண்டுகளுக்கான பகுதியை வெறுமையாக விட்டுவிடுங்கள்.