வாங்கமுன் ஒரு வார்த்தை: உக்கின பலகையும் புதுப் பெயின்டும்

மாரி முடிந்து வள்ளங்களைப் புரட்டிப் பார்க்கிற காலம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உக்கின மரத்தைப் பற்றியவை. ஆகவே தண்ணீர் மோட்டர்க்காரரும் குளிர்சாதனப் பெட்டிக்காரரும் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். அதிலிருந்த திட்டுகளையும்தான்.

பூநகரியிலிருந்து ஒரு தொழிலாளி: 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறினதோடு எஞ்சினை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். காசு சேர்த்து, போன வருசம் களப்புத் தொழிலுக்குப் பழைய பாய்வள்ளம் ஒன்றை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். புதுப் பெயின்ட், நல்ல வடிவு. மாரியில் அணியப் பக்கம், அதாவது முன்பக்கம், பெயின்ட் கொப்பளித்தது. அமத்திப் பார்க்க விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே வாகனத்தின் பள்ளம் நிரப்பப் பூசுகிற பட்டி! விற்றவர் "பார்த்துத்தானே வாங்கினீர்" என்கிறார்.

நீங்கள் பார்த்துத்தான் வாங்கினீர்கள். பார்க்க முடியாதபடி பூசி விற்றது அவர். பட்டி தானாக நடந்து வந்து பலகைக்குள் ஏறுவதில்லை.

எதையும் கிளறமுன் படம் எடுங்கள். கழன்ற பட்டித் துண்டொன்றை எடுத்து வையுங்கள். காசு கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர் யார் என்று எழுதி வையுங்கள். விற்றவர் வியாபாரி அல்ல, உங்களைப் போல ஒரு தொழிலாளி என்றபடியால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கு உதவாது. உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுங்கள், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. முழுக் காசும் திரும்பி வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். திருத்தச் செலவைக் கேட்டு உறுதியாக நில்லுங்கள்.

அந்தச் செலவு எவ்வளவு என்று தெரியவேண்டுமென்றால் உக்கல் எங்கே முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு குத்தூசியும் சின்னச் சுத்தியலும் போதும். நல்ல பலகையைத் தட்டினால் சத்தம் கணீரென்று திரும்பும், உக்கினது பொத்தென்று கிடக்கும். ஆணி அடித்த இடம், பலகையின் வெட்டு முனை, இரண்டு மரம் ஒட்டுகிற மூட்டு, இந்த மூன்றையும் விடாமல் குத்திப் பாருங்கள். மழைத்தண்ணீர் நுழைகிற வாசல்கள் அவைதான். மரத்தை உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே நின்றால் அது வளராது. உப்புத்தண்ணீரும் அதற்கு ஒத்துவராது. அதனால்தான் கடலில் ஓடுகிற வள்ளத்தைவிட, மாரி முழுக்கக் கரையில் வாய் திறந்து மழையைக் குடித்துக்கொண்டு கிடக்கிற வள்ளம் கெதியாக உக்குகிறது.

உக்கலோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி நல்ல மரம் ஒரு சாண் வரும் வரை வெட்டச் சொல்லுங்கள். புதுத் துண்டை முட்டு வைத்து ஆணி அடிக்க விடாதீர்கள். சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். பலகை ஓர் அங்குல மொத்தம் என்றால் சாய்வு எட்டு அங்குலம். பலகைகள் மட்டும்தான் போயிருந்தால் திருத்துங்கள். ஏராவும் (அடிமரம்) வங்குகளும் (விலா மரங்கள்) சேர்ந்து போயிருந்தால் ஒரு சதமும் போடாமல் மத்தியஸ்த சபைக்குப் போங்கள்.

முள்ளியவளை வாசகர்: பழைய எஞ்சின் ஒயிலைப் பலகைக்குப் பூசினால் உக்காது என்கிறார்களே?

பூசாதீர்கள். உக்குவதை அது நிறுத்தாது. பிறகு பெயின்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. மிச்சம் களப்பில்தான் கலக்கும்.

நாச்சிக்குடாவிலிருந்து ஒரு தம்பி: இப்பொக்சிப் பசை வாங்கி உக்கின இடத்துக்கு விட்டேன். அதை இறுக வைக்கிற ஹாட்னர் காணாது என்று, பைபர் வள்ளம் ஒட்டுகிற ஆளிடம் மிச்சமிருந்த ஹாட்னரைக் கலந்தேன். கெதியாக இறுகட்டும் என்று கொஞ்சம் கூடவும் விட்டேன். ஒரு கிழமையாகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. கடையில் போலிச் சாமான் தந்துவிட்டார்களா?

கடைக்காரர் தந்தது சரியான சாமானாகத்தான் இருக்கும் தம்பி. போத்தலில் எழுதியிருந்ததை நீங்கள் வாசித்தீர்களா?

பைபர் ரெசினுக்கு விடுகிற ஹாட்னர் வேறு, இப்பொக்சிக்கு விடுகிறது வேறு. முதலாவது நூற்றுக்கு ஒன்று இரண்டு வீதம், துளிக்கணக்கு. இரண்டாவது பங்குக்கணக்கு: ஒரு கொம்பனியுடையது 5க்கு 1, இன்னொன்று 2க்கு 1, வேறொன்று சரிபாதி. கூட விட்டால் கெதியாக இறுகாது, ஒருநாளும் முழுதாக இறுகாது. கறிக்கு உப்புப் போடுகிற மாதிரிக் கண்மட்டத்தில் விடுகிற சாமான் அல்ல அது. முழுவதையும் சுரண்டி எடுத்து, தின்னரால் துடைத்து, மரம் நன்றாகக் காயும் வரை பொறுத்துத் திரும்பத் தொடங்குங்கள். நம்முடைய வெயிலில் ஒரு கோப்பையில் நிறையக் கலந்தால் புகைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டத்தில் ஊற்றி, பின்னேரம் வெயில் இறங்கின பிறகு பூசுங்கள். காலையில் பூசினால் மரம் சூடேறச் சூடேற உள்ளிருக்கிற காற்று வெளியே வந்து குமிழ் கட்டும். இறுகின பிறகு மேலே பெயின்ட் கட்டாயம், இப்பொக்சி வெயிலைத் தாங்காது.

இனிமேல் கடையைக் குற்றம் சொல்லமுன் போத்தலைப் பாருங்கள்.

நாயாற்றிலிருந்து: என் பைபர் வள்ளத்தில் எஞ்சின் பூட்டுகிற பின்பலகை ஆடுகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வைத்த பிளைவுட் தேயிலைச் சக்கையாகிவிட்டது. புதிதாக வைக்கக் கேட்டால் ஒரு கடையில் "மரைன்" என்று இரண்டு மடங்கு விலை, இன்னொரு கடையில் "இதுவும் அதுதான்" என்று பாதி விலை. யாரை நம்புவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள்.

கடைகளில் இன்று எதற்குத்தான் அந்த முத்திரை குத்தவில்லை? பிளைவுட்டுக்கு, பெயின்டுக்கு, ஆணிக்கு, பூச்சி மருந்துக்குக் கூட. மையும் முத்திரைக் கட்டையும் இருந்தால் சாதாரணப் பலகையும் கடலுக்குத் தகுதியாகிவிடுகிறது. உண்மையான கடற்பலகைக்குத் தரம் இருக்கிறது, பிரித்தானியத் தரம் பி.எஸ். 1088. அந்த இலக்கத்தோடு தயாரித்தவரின் பெயரும் பலகையில் இருக்க வேண்டும். வெறும் "மரைன்" என்ற எழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

எழுத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். பலகையின் நாலு ஓரத்தையும் குனிந்து பார்த்தால் தட்டுத் தட்டாக அடுக்கியது தெரியும். இடையிடையே பொந்து இருந்தால், அல்லது பொந்தைப் பட்டியால் அடைத்திருந்தால், அது கடற்பலகை அல்ல. பிறகு வெட்டுத்துண்டு ஒன்று கேளுங்கள். தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். வீட்டில் அதைப் பானையில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள், காய வையுங்கள், திரும்பக் கொதிக்க வையுங்கள். தட்டுக் கழன்றால் பசை தண்ணீருக்கு ஆகாதது. அரை நாள் விறகு செலவாகும், ஆனால் ஒரு வள்ளம் மிஞ்சும். பானையை மட்டும் வீட்டுக்காரியிடம் சொல்லி எடுங்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். அசல் கடற்பலகையும் உக்கும். அதன் பசைதான் தண்ணீரைத் தாங்குகிறது. மரத்துக்கு மருந்து எதுவும் ஏற்றியிருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் பழைய பின்பலகை உக்கினது எஞ்சின் போல்ட்டுத் துளைகளால். புதுப் பலகையின் ஓரம் முழுவதையும் இப்பொக்சியால் மூடுங்கள். போல்ட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டி இப்பொக்சியால் நிரப்பி, இறுகின பிறகு நடுவில் சரியான துளை போடுங்கள். அப்போது தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இதைச் செய்யாமல் விலை கூடின பலகை வைத்தவரைவிட, செய்து நடுத்தரப் பலகை வைத்தவரின் வள்ளம் கூடக் காலம் நிற்கும்.

அப்புறம் பற்றுச்சீட்டு. "வள்ளத்தின் பின்பலகைக்கு" என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதுவியுங்கள். எதற்கு என்று சொல்லி, அவரை நம்பி வாங்கின பொருள் அதற்கு உதவ வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால் சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முறைப்பாட்டை, பொருள் வாங்கின நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஆறு மாதம் கழித்து எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு நான் அனுதாபம் மட்டும்தான் அனுப்ப முடியும். அதுவும் குறைந்துகொண்டு வருகிறது.

விடத்தல்தீவு வாசகர்: பழைய இரும்பாணிகளைக் கழற்றிவிட்டு மின்னுகிற ஆணி போடலாமா? காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் சொன்னார்கள்.

காந்தச் சோதனை இதற்கு உதவாது. 304 ரக ஸ்டீலுக்கும் ஒட்டாது, 316 ரகத்துக்கும் ஒட்டாது. கடலுக்கு ஓரளவு தாங்குவது 316தான். அதுவும் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே, ஈர மரத்துக்குள் காற்றுப்படாமல் கிடந்தால் அரிபடும். இரும்பாணி துருப்பிடித்தால் சுற்றியிருக்கிற மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதால் கழற்றுவது சரிதான். பலகைக்குச் செம்பாணி போடுங்கள். காசு இல்லையென்றால் நன்றாகத் துத்தநாகம் தோய்த்த ஆணி. பித்தளைத் திருகாணி மட்டும் வேண்டாம். உப்புத்தண்ணீரில் அதன் துத்தநாகம் கரைந்துபோய் மிச்சம் இளஞ்சிவப்பாக நிற்கும், திருகினால் பிஸ்கட் மாதிரி உடையும். பளபளப்பைப் பார்த்து நான் வாங்கின பித்தளைப் பெட்டி ஒன்று வீட்டில் கிடக்கிறது, சாமிப்படம் மாட்ட மட்டும் பயன்படுகிறது. அதற்குப் பக்கத்தில் எந்தப் பலகையில் வைத்தாலும் ஒரே இலக்கம் காட்டுகிற ஈரமானியும் இருக்கிறது. வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

முல்லைத்தீவிலிருந்து ஓர் அம்மா: வீட்டுக்காரர் காலமான பிறகு அவருடைய வள்ளத்தைத் திருத்தி வாடகைக்கு விட நினைத்தேன். ஓடாவி (வள்ளம் கட்டுகிற தச்சர்) ஒருவர் மரம் வாங்க வேண்டும் என்று 60,000 முற்பணம் வாங்கினார். இரண்டு பலகையைக் கழற்றிப்போட்டுவிட்டுப் போனவர் வரவில்லை. தொலைபேசியும் எடுக்கிறார் இல்லை.

அம்மா, இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. முற்பணம் கேட்பது ஊர் வழக்கம். வாங்கிக்கொண்டு காணாமல் போவது வழக்கம் அல்ல. கழற்றின பலகைகளை எறிய வேண்டாம், புதுப் பலகைக்கு அவைதான் அச்சு. வெட்டின வாயில் மழை விழாமல் தறப்பாள் கட்டுங்கள், இரண்டு பக்கமும் காற்றோட விட்டுக் கட்டுங்கள். கிராம அலுவலரிடம் விசயத்தைச் சொல்லிவிட்டு மத்தியஸ்த சபைக்கு எழுதுங்கள். ஊருக்குள் தொழில் செய்கிற மனிசன், அழைப்புப் போனால் பெரும்பாலும் வருவார். அடுத்த ஓடாவிக்கு மரத்தை நீங்களே மரக்காலையில், அதாவது மரம் விற்கிற கடையில், வாங்கிக் கொடுங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். வள்ளத்தின் பதிவையும் கடற்றொழில் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதிவு வீட்டுக்காரர் பெயரில் கிடக்கும் வரை வாடகைக்கு எடுப்பவர்கள் உங்களிடம் விலையைக் குறைத்துப் பேசுவார்கள்.

கிளிநொச்சி வாசகர்: இரவில் போய் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து வள்ளம் வாங்கினேன். பதிவுப் பத்திரம் பிறகு தருவதாகச் சொன்னார். இப்போது…

இப்போது கடற்றொழில் பரிசோதகரிடம் போங்கள். பகலில் போங்கள்.

டொரன்டோவிலிருந்து, அளம்பிலில் பிறந்தவர்: 70களில் கட்டின பைபர் பாய்ப்படகு மலிவாக வருகிறது. மேல்தட்டில் நடந்தால் சில இடம் மெத்தை மாதிரி அமுங்குகிறது. துளை போட்டு இப்பொக்சி ஏற்றினால் சரி என்கிறார் விற்பவர்.

அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தட்டின் இரண்டு பைபருக்கு நடுவே பல்சா மரம் இருக்கும். கம்பி பூட்டின போல்ட்டு வழியாக மழையும் உருகின பனியும் இறங்கி அது சேறாகியிருக்கும். ஈரமான பல்சாவுக்குள் இப்பொக்சி ஊறாது. மேல்தோலை வெட்டித் திறந்து, நனைந்ததை வழித்தெடுத்து, புதிது வைத்துத்தான் மூட வேண்டும். அவ்வளவு சுலபம் என்றால் விற்பவரே துளை போட்டுவிட்டு விற்கட்டும். படகு பரிசோதிக்கிற ஆளைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போகாமல் காசை எடுக்காதீர்கள்.

துணுக்காயிலிருந்து: பாய்மரத்தின் அடி உக்கிவிட்டது. சுற்றிச் சீமெந்து ஊற்றலாமா?

வேண்டாம். சீமெந்து ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். உக்கினதை வெட்டி ஒட்டுங்கள். பாய்மரத்துக்குச் சாய்வு எட்டு மடங்கு போதாது, பன்னிரண்டு மடங்கு. மரம் நிற்கிற குழியில் தண்ணீர் வடிய ஓட்டையும் வையுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்: பலகைக்கு எந்த மரம் நல்லது? ஒருவர் காட்டிலிருந்து முதிரை இறக்கித் தருகிறார், மரக்காலை விலையில் பாதிதான். சீட்டு எதுவும் தரமாட்டாராம்.

வள்ளத்துக்குச் சாவண்டலை நல்லது. திருகோணமலை மரம் என்று உலகச் சந்தையில் பெயர் எடுத்தது அதுதான். தேக்கும் நல்லது. எதை எடுத்தாலும் வைரம், அதாவது மரத்தின் இறுகின நடுப்பகுதி, பார்த்து எடுங்கள். வெளிறு, அதாவது வெளிப்பக்க இளமரம், கலந்த பலகை தேக்கானாலும் உக்கும். விலையைக் குறைக்க வெளிறோடு அறுத்துத் தருவார்கள், ஓரத்தில் நிறம் வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அந்த முதிரையைத் தொடாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வழியில் பிடிபட்டால் மரமும் போகும், ஏற்றின லான்ட்மாஸ்டரும் போகும். லான்ட்மாஸ்டர் உங்களுடையதா, மச்சானுடையதா?