டிரம்பெட்டில் ஹை நோட் பயிற்சியை வாரத்தில் எத்தனை நாள் செய்யலாம்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: “இரண்டு வருடமாக டிரம்பெட் வாசிக்கிறேன். தினமும் 1 மணி நேரம் ஹை நோட் மட்டும் ஊதச் சொன்னார் மாஸ்டர். 3 வாரம் ஆகிவிட்டது, மேல் ஜி ஸ்வரத்தைத் தாண்ட முடியவில்லை. 2 மணி நேரமாக்கவா?”

ஆக்காதீர்கள். குறையுங்கள். வாரத்துக்கு 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஓய்வையும் சேர்த்து 15 நிமிடம். போதும்.

உங்கள் மாஸ்டரைக் குறை சொல்ல வரவில்லை. நம் ஊரில் சாதகம் என்றாலே விடியலில் எழுந்து மணிக்கணக்கில் ஊதுவது என்று ஊறிப்போயிருக்கிறது. நாகஸ்வரக்காரர்களைப் பார்த்து வந்த கணக்கு அது. நாகஸ்வரத்தில் அதிர்வது வாயில் வைக்கும் நாணல் துண்டான சீவாளி. நைந்துபோனால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். டிரம்பெட்டில் அதிர்வது உங்கள் உதடு. அதுதான் சீவாளி, அதற்கு மாற்று கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவது எதுவும் விசித்திரமாகத் தெரியாது.

ஸ்டாஃபுக்கு (ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகள்) கீழே முதல் லெட்ஜர் கோட்டில் (ஐந்துக்கு வெளியே போடும் சின்னக் கோடு) எழுதும் சி (C) ஸ்வரத்தை ஊதும்போது உதடு நொடிக்கு சுமார் 233 தடவை அதிர்கிறது. மேலே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் எழுதும் ஹை சிக்கு சுமார் 932 தடவை. நான்கு மடங்கு. அதற்கு வாயோரத் தசைகள் இறுகி நிற்கவேண்டும், நடுவில் இருக்கும் சதை மட்டும் இளகி அதிரவேண்டும். ஓரம் களைத்ததும் என்ன நடக்கும்? கை தானாக டிரம்பெட்டை உதட்டோடு சேர்த்து அமுக்கும். மவுத்பீஸ் விளிம்பு ரத்த ஓட்டத்தை அடைக்கும், உதடு வெளுக்கும், மரத்துப்போகும், அப்புறம் வீங்கும். தினமும் 1 மணி நேரம் செய்கிறவர் முதல் 10 நிமிடம் ஹை நோட் பழகுகிறார். மிச்ச 50 நிமிடம் அமுக்கிப் பழகுகிறார். எதை அதிகம் செய்கிறோமோ அதுதானே பழக்கமாகும்?

இப்போதே சிலர் வருவார்கள், “தினமும் செய்து மேலே போனவர்கள் இல்லையா?” என்று. இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான் ஃபிலிப் சூசா பேண்டில் கார்னெட் (டிரம்பெட்டின் நெருங்கிய உறவு) வாசித்த ஹெர்பர்ட் கிளார்க்கின் மாணவர், டிரம்பெட் ஆசிரியர் கிளாட் கார்டன், தினசரிப் பயிற்சியைத்தான் வலியுறுத்தினார். ஆனால் ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வெடு என்பதும் அவர் சொன்னதுதான். கிளார்க் பயிற்சிகளை மெல்லிய ஒலியில் ஊதச் சொன்னவர். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ‘தினமும்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் உதடுதான் போகும். பல வருடம் ஊதி வாய் உறுதிப்பட்டவர் தினமும் செய்யட்டும். இரண்டு வருடக்காரருக்கு ஒருநாள் இடைவெளி வேண்டும் என்பதே என் கருத்து.

இன்றைக்குச் செய்யலாமா வேண்டாமா என்று காலண்டரைப் பார்த்து முடிவுசெய்யவே வேண்டாம். காலையில் டிரம்பெட்டை எடுத்ததும் ஸ்டாஃபின் இரண்டாவது கோட்டில் உள்ள ஜியை, நாக்கால் தட்டாமல், வெறும் மூச்சால், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெல்ல ஊதுங்கள். காற்று போனதுமே ஸ்வரம் பேசினால் உதடு தேறிவிட்டது. முதலில் ‘ஹ்ஹ்’ என்று வெறுங்காற்று வந்து பிறகு ஸ்வரம் ஒட்டிக்கொண்டால் இன்னும் வீக்கம் இருக்கிறது. அன்று ஹை நோட் கிடையாது. கீழ் ஸ்வரங்களில் லாங் டோன் (ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடிப்பது) மட்டும் ஊதிவிட்டு மூடி வையுங்கள். ஒருநாள் இடைவெளி விட்டும் மூன்று தடவை இப்படியே வந்தால் ஒரு தடவைக்கான அளவு உங்களுக்கு அதிகம் என்று பொருள்.

பயிற்சி நாளில் முதலில் 15 நிமிடம் வாயைப் பதப்படுத்துங்கள், இது ஹை நோட்டுக்குச் சொன்ன 15 நிமிடத்தில் சேராது. வெறும் மவுத்பீஸில் 2 நிமிடம், அந்த ஜியிலிருந்து அரை அரை ஸ்வரமாகக் கீழே இறங்கி லாங் டோன், பிறகு ஜி, சி, ஈ என்று வால்வைத் தொடாமல் லிப் ஸ்லர் (உதட்டாலேயே ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போவது). 5 நிமிடம் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் ஏணி.

ஏணி இப்படி. மூன்றாம் இடைவெளியில் இருக்கும் சியில் தொடங்கி சி, டி, ஈ, எஃப், ஜி, எஃப், ஈ, டி, சி (உச்சியில் வரும் ஜிதான் நீங்கள் சொன்ன மேல் ஜி). நாக்கு படாமல், ஒரே மூச்சில், மெல்ல. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 72 அடி, அடிக்கு ஒரு ஸ்வரம். முடிந்ததும் ஊதிய அளவு நேரம் மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுத்துவிடவேண்டும். அடுத்தது அரை ஸ்வரம் மேலே: சி ஷார்ப்பில் தொடங்கி ஜி ஷார்ப் வரை. அதற்கடுத்து டியிலிருந்து ஏ. இப்படியே ஏறினால் எஃபில் தொடங்கும் படியில் ஹை சி வரும். ஆனால் அங்கே போயே தீரவேண்டும் என்று ஏறக்கூடாது. ஒலி மெலிந்து கீச்சிடும் முதல் படியில் நிறுத்தி, இரண்டு படி இறங்கி, நல்ல ஒலியோடு ஒருமுறை ஊதி முடியுங்கள். நாளுக்கு இரண்டு ஏணி, மிஞ்சினால் மூன்று. தவறிய ஸ்வரத்தை மூன்று தடவைக்கு மேல் துரத்தாதீர்கள். நான்காவது தடவை கிடைத்தாலும் அது அமுக்கிக் கிடைத்ததாகத்தான் இருக்கும்.

மெல்ல ஊதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலமாக ஊதினால் அமுக்கல் மறைந்துகொள்ளும். மெல்ல ஊதும்போது அமுக்கினால் ஸ்வரம் அப்படியே நின்றுவிடும், ஏமாற்ற வழியில்லை. இன்னொரு சோதனை: டிரம்பெட்டில் வலது சுண்டுவிரலை மாட்டுவதற்கென்று இருக்கும் கொக்கியிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஊதிப் பாருங்கள். கொக்கியில் விரல் இருந்தபோது வந்த மேல் ஏ இப்போது வரவில்லையென்றால், அந்த ஏவை வரவழைத்தது உதடு இல்லை, சுண்டுவிரல். ஊதி முடித்த 15 நிமிடத்தில் மவுத்பீஸ் வட்டம் மறைந்துவிட்டால் சரி. மறுநாள் காலையிலும் கண்ணாடியில் தெரிந்தால் அமுக்கல் அதிகம்.

காற்றைப் பற்றி ஒரு தவறான அறிவுரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, ‘மேலே போகணும்னா நிறையக் காத்து விடு’ என்று. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம்தான் கூடவேண்டும், அளவு குறையும். சீழ்க்கை அடித்துப் பாருங்கள். சுருதி ஏற ஏற நாக்கின் நடுப்பகுதி ‘ஆ’விலிருந்து ‘ஈ’க்குப் போவதுபோல் அண்ணத்தை நோக்கி எழும்பும். டிரம்பெட்டிலும் அதேதான். தோள் உயர, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை அடைத்துக்கொண்டு தள்ளினால் தலை சுற்றும், ஸ்வரம் ஏறாது. தன் ஹை நோட்டுகளுக்காகவே உலகம் கொண்டாடிய டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசன் 1960களின் பிற்பகுதியில் ஆந்திராவின் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷிவேலி பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். யோக மூச்சுப் பயிற்சி தன் வாசிப்புக்கு உதவியதாகச் சொன்னவரும் அவர்தான். இங்கிருந்து போன விஷயத்தை நாம் அவர் வழியாகக் கேட்டால்தான் நம்புவோம், அது வேறு கதை.

ஜிக்கு மேலே ஸ்வரம் தப்புவதற்கு பலக்குறைவு மட்டும் காரணமில்லை. கீழே திறந்த வால்வில் (எந்த வால்வையும் அமுக்காமல்) சி ஸ்வரத்துக்கும் ஜி ஸ்வரத்துக்கும் நடுவே வேறு ஸ்வரம் இல்லை, குறி தவறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். மேல் ஜிக்கும் ஹை சிக்கும் நடுவில் திறந்த வால்விலேயே, கொஞ்சம் இறங்கிய ஒரு பி ஃபிளாட் ஒளிந்திருக்கிறது. சிக்கு மேலே இன்னும் நெருக்கம். அதனால் ஏணியின் ஒவ்வொரு படிக்கு முன்பும் உச்ச ஸ்வரத்தை வாயால் பாடிவிட்டு ஊதுங்கள். பெண் குரல் உயரமாயிற்றே என்றால் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் போதும், காதுக்கு இடம் தெரிந்தால் சரி.

இடையில் வரும் நாட்களை வீணாக்கவேண்டாம். ஸ்டாஃபின் இரண்டாவது கோட்டு ஜியிலிருந்து கீழே இறங்கிக் கடைசி எஃப் ஷார்ப் வரை அகலமான லாங் டோன், ஸ்டாஃபுக்குள் விரல் வேகம், பாட்டுகள். கல்யாண ஊர்வலம், சர்ச் ஆராதனை, கச்சேரி எதுவானாலும் அதை ஒரு ஹை நோட் நாளாகவே கணக்கிடுங்கள். முந்தின நாள் ஏணி கூடாது, மறுநாளும் கூடாது. பேண்டு செட்டில் இருக்கிறீர்களா? ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் ஏணியை மறந்துவிட்டு உதட்டைக் காப்பாற்றினால் போதும். ஆடியில் வேலை இருக்காது, எல்லையை உயர்த்த அதுதான் மாதம். சர்ச் வாசிப்பு என்றால் டிசம்பரை விட்டுவிடுங்கள். மாதத்துக்கு அரை ஸ்வரம் ஏறினாலே நல்ல வேகம் என்பேன். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் வேண்டாம், கம்பி எடுக்கும்வரை மேல் ஜியோடு நிற்கட்டும்.

கச்சேரி என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்லிசைக் கச்சேரிகளில் ஒரு கட்டைச் சுருதியில் எழுதிய பாட்டை, பாடுபவர் மாறிவிட்டார் என்று மேடையில் வைத்து மூன்று கட்டைக்கு ஏற்றுவார்கள். கீபோர்டுக்காரர் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை நான்கு தடவை அழுத்துவார், முடிந்தது. டிரம்பெட்காரருக்கோ பாட்டு முழுதும் நான்கு அரை ஸ்வரம் மேலே போய்விடுகிறது. மேல் ஏ, ஹை சியையும் தாண்டி சி ஷார்ப்பாகிறது. உதட்டில் ஏதப்பா பட்டன்? இதில் டிரம்பெட்டுக்கு மைக் வேறு வைக்கமாட்டார்கள், ‘அதுக்கே சத்தம் இருக்கே’ என்பார்கள். பின்னால் டிரம் பேடுக்கு ஆளுயர ஸ்பீக்கர். அந்தச் சத்தத்தோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியவர் மறுநாள் உதடு வரவில்லை என்றால் ‘சாதகம் பத்தல’ என்று தீர்ப்பு.

மவுத்பீஸ் பற்றியும் கேட்கத்தான் போகிறீர்கள். பாக் 7சி, 3சி, யமஹா 11பி4 இவற்றில் எது இருந்தாலும் அதோடு ஒரு வருடம் இருங்கள். ஆழம் குறைந்த மவுத்பீஸ் ஒலியைக் கூர்மையாக்கும், களைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இல்லாத ஸ்வரத்தைக் கொண்டுவராது. உதடு தடித்தவர்களுக்குக் கிண்ணத்தின் அடி உதட்டைத் தொட்டு, ஒலி சட்டென அறுந்துபோகும். காசைச் செலவழிக்கும் முன் வாட்டர் கீயை (உள்ளே சேரும் நீரை வெளியேற்றத் திறக்கும் சின்ன மூடி) விரலால் இறுக்கி மூடிக்கொண்டு ஊதிப் பாருங்கள். மேல் ஸ்வரம் உடனே தெளிந்தால் குற்றவாளி அங்கே தேய்ந்துபோன தக்கை. சில ரூபாயில் முடிகிற வேலை.

களைப்பு வேறு, வலி வேறு. ஓரத்தில் எரிச்சலோடு சோர்வது களைப்பு. நடு உதட்டில் சுரீரென்று ஊசி குத்தியதுபோல் வந்தால், அல்லது திடீரென உதடு காற்றைப் பிடிக்காமல் ஒழுகினால், அந்த நொடியே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரை வைத்து ‘சாச்மோ சிண்ட்ரோம்’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1930களில் அவருடைய உதடு அந்தப் பாடு பட்டது.

உங்கள் 3 வாரத்துக்கு இப்போது செய்யவேண்டியது: 2 நாள் டிரம்பெட்டைத் தொடாதீர்கள். மூன்றாம் நாள் காலை அந்த ஜி சோதனை. ஸ்வரம் உடனே பேசினால் ஒரே ஒரு ஏணி, அதுவும் மேல் ஜி வரும் முதல் படியோடு. அந்தப் படி மூன்று பயிற்சி நாள் தொடர்ந்து, சுண்டுவிரல் கொக்கியைத் தொடாமல் வந்தால் ஜி ஷார்ப்புக்குப் போங்கள். மாஸ்டர் கேட்டால் தினமும் ஊதுகிறேன் என்று சொல்லுங்கள், லாங் டோனும் ஊதுவதுதானே.